எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் வேலை: இரு மாநிலங்களும் முழுச் சம்பளத்துக்கும் வரி கேட்கின்றனவே?

கேள்வி:
நியூஜெர்சியின் எடிசனில் குடியிருந்து, நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் என் விருப்பத்தின்பேரில் வீட்டிலிருந்தே வேலை. நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில், மாநிலச் சம்பளத்துக்கான 16-ஆம் கட்டத்தில் இரு மாநிலங்களுக்கும் முழுச் சம்பளமே காட்டப்பட்டுள்ளது. வரிப்பிடித்தமோ நியூயார்க்குக்கு மட்டும். வரி மென்பொருள் நியூஜெர்சிக்குப் பெருந்தொகை பாக்கி என்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களை நியூயார்க் கணக்கிலிருந்து கழிக்கலாமா?

மறுமொழி 1:
கழிக்க வேண்டாம், ஐயா. நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் ஊழியரின் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களையும் நியூயார்க் தன் மாநிலத்தில் உழைத்த நாள்களாகவே கணக்கிடும். 16-ஆம் கட்டத்தில் ஒரே சம்பளம் இருமுறை வருவதும் பிழையன்று, அவற்றைக் கூட்டிவிடாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் நிரப்பும் வரிசையில்தான் இருக்கும். வெளிமாநிலத்தார்க்கான நியூயார்க் வரிப் படிவமான ஐடி-203-ஐ முதலில் முடித்து, அதன் பிறகே நியூஜெர்சியின் என்ஜே-1040 வரிப் படிவத்தைத் தொடங்கி, பிற மாநிலத்துக்குக் கட்டிய வரிக்கு ஈடு கோரும் சிஓஜே அட்டவணையை நிரப்புங்கள். அங்கே டபிள்யூ-2 காட்டும் பிடித்தத் தொகையை எழுதக் கூடாது: 9,000 டாலர் பிடித்திருந்தும் ஐடி-203-இல் இறுதி வரி 7,800 என்று வந்தால், 7,800 மட்டுமே கணக்கு. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேட்டவர்:
நன்றி. அவ்வாறே செய்ததும் பாக்கி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் சில நூறு டாலர் நிற்கிறது. வங்கி வட்டியும், மனைவிக்கு எடிசனிலேயே கிடைக்கும் சம்பளமும் உண்டு.

மறுமொழி 2:
அந்தப் பாக்கி நியாயமானதே. இரு மாநிலங்களும் வரி விதிக்கும் வருமானத்துக்கு மட்டுமே ஈடு கிடைக்கும். அதுவும் நியூயார்க்கில் செலுத்தியது, அந்த வருமானத்துக்குரிய நியூஜெர்சி வரி ஆகிய இரண்டில் குறைந்த தொகை மட்டுமே. வட்டிக்கும் மனைவியின் சம்பளத்துக்கும் வரி கேட்பது நியூஜெர்சி மட்டும் என்பதால் அங்கே ஈட்டுக்கு இடமில்லை. மருத்துவச் செலவுக்கான எச்எஸ்ஏ சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்துக்கு நியூஜெர்சி விலக்கு அளிப்பதில்லை என்பதையும் சரிபாருங்கள். மென்பொருள் கேட்காவிட்டால் விட்டுப்போகும். வரும் ஆண்டிலும் பாக்கி 400 டாலரைத் தாண்டும் எனத் தெரிந்தால், என்ஜே-1040-இஎஸ் என்னும் முன்கூட்டிய வரிப் படிவத்தின் மூலம் காலாண்டுதோறும் செலுத்தலாம், அல்லது மனைவியின் நிறுவனத்தில் என்ஜே-டபிள்யூ4 படிவம் கொடுத்துச் சம்பளத்தில் வரிப்பிடித்தத்தைக் கூட்டச் சொல்லலாம். இரண்டாவது வழியில் தவணைத் தேதிகளை நினைவில் வைத்திருக்கும் தொல்லை இல்லை.