புதுப்பிப்பு: நண்பனின் அறுவை சிகிச்சை முடிந்தது

தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத என் நண்பனின் படுக்கைப்புண் சிகிச்சைக்காகப் போன மாதம் உதவி கேட்டிருந்தேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கொடுத்த அனைவருக்கும் நன்றி.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது பணம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அறுவை சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அட்டை பார்த்துக்கொண்டது. காற்று மெத்தை, கத்தீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), சிறுநீர் சேரும் பை, கட்டுத்துணி எல்லாம் நம் கைப்பணம். தைத்த இடத்தில் அழுத்தம் விழக்கூடாது என்பதால் சில வாரங்களுக்கு உட்காரவே கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் அவன் அம்மா பார்த்துக்கொள்கிறார். புரட்டிய நேரத்தையெல்லாம் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதி வைக்கிறார்; மருத்துவரே அதை வாங்கிப் பார்த்தார். இரவுக்கு ஓர் ஆளை வைத்திருக்கிறோம். மீதிப் பணம் அந்தச் சம்பளத்துக்கே போகிறது.

பழைய சக்கர நாற்காலியின் தொய்ந்த இருக்கைதான் புண்ணுக்குக் காரணம். காற்று அறைகள் கொண்ட குஷன் வாங்க இன்னும் 18,000 ரூபாய் தேவை. வாங்கியதும் ரசீதைப் பதிவிடுகிறேன். புது நாற்காலி அனுப்புவதாகச் சொன்ன அன்பரே, தயவுசெய்து பொறுங்கள். அளவெடுக்காத நாற்காலியில் மறுபடி புண் வரும்.

ஹார்லிக்ஸ் நிறையச் சேர்ந்துவிட்டது. பார்க்க வருபவர்கள் முட்டை வாங்கி வாருங்கள், புண் ஆறப் புரதம் வேண்டும்.