நன்கொடைப் பெட்டியில் காதல் நாவலுக்கு இடமில்லையா?

கயல்விழி: பெண்கள் காப்பகம் ஒன்றுக்குப் புத்தகம் சேர்க்கிறார்கள். அறிவிப்பில் 'எந்த நூலும் தரலாம்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'கிழிந்தவை, பூஞ்சை பிடித்தவை, காதல் நாவல்கள் வேண்டாம்' என்கிறார்கள். காதல் கதைக்குப் பூஞ்சையோடு ஒரே வரிசையிலா இடம்?

தூசிதட்டி: இப்படி வருகிற புத்தகங்களைப் பிரித்து அடுக்குகிறவன் நான். மூட்டை மூட்டையாக வருவது இதுதான். ஒரே அளவு, அட்டையில் அதே கட்டிப்பிடி. தன் அலமாரியைக் காலி செய்து அடுத்தவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் தானமா? 2003இல் இங்கிலாந்தில் எம்6 சுங்கச்சாலை போட்டபோது மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நாவல்களில் சுமார் 25 லட்சம் பிரதிகளைக் கூழாக்கித் தாரோடு கலந்தார்கள். அவ்வளவு மலிந்த சரக்கு.

கயல்விழி: அவ்வளவு அச்சாகிறது என்றால் அவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்றுதானே கணக்கு? இடம்தான் சிக்கல் என்றால் 'பத்துக்கு மேல் வேண்டாம்' என்று போடலாமே. துப்பறியும் நாவலும் மூட்டையாகத்தான் வருகிறது. அதை யாரும் தடுப்பதில்லை.

நடுப்பக்கம்: காப்பகம் என்பதை மறந்துவிட்டீர்கள். அடிவாங்கி வந்த பெண்ணிடம், நாயகியின் கையை முறுக்கிவிட்டு நாலு பக்கம் தள்ளி 'எல்லாம் உன்மேல் உள்ள ஆசைதான்' என்று உருகுகிறவனின் கதையை நீட்டுவதா? பழைய காதல் நாவல்களில் இது நிறையவே உண்டு.

கயல்விழி: நியாயம். அவற்றைப் பொறுக்கி எடுங்கள், நானும் உதவிக்கு வருகிறேன். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெண்ணின் பிணம் கிடக்கும் கொலைக் கதை மட்டும் தாராளமாக உள்ளே போகிறதே, அது எப்படி? காதல் நாவலில் கடைசியில் நாயகி நன்றாக இருப்பாள் என்பது திறக்கும்போதே தெரியும். தூக்கம் வராத ஒருத்திக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அதுதான் வேண்டியிருக்கும்.

தூசிதட்டி: வேலைத் தேர்வு நூல், சட்ட உரிமை பற்றிய நூல், இதெல்லாம் கொடுத்தால் நாளைக்குப் பயன்படும்.

ஏட்டுச்சுரை: குறுக்கே வருகிறேன். ஜார்ஜெட் ஹேயர் என்ற காதல் நாவலாசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ருமேனியாவில் 12 ஆண்டுகள் அரசியல் கைதியாக இருந்த பெண். ஹேயரின் நாவல் ஒன்றை நினைவிலிருந்தே சக கைதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் புத்தி பேதலிக்காமல் இருந்தார்களாம். தேர்வு நூல் கைவசம் இருந்திருந்தாலும் அதை யாரும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள்!

தூசிதட்டி: நல்ல கதைதான். அதற்காக மூட்டையை அப்படியே உள்ளே விட முடியாது.

நடுப்பக்கம்: அது இருக்கட்டும். அங்கே தங்கியிருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

கயல்விழி: நிர்வாகியிடம் சொல்லிப் பார்த்தேன். 'இவர்களுக்கு இன்னும் காதல் ஒரு கேடா' என்று சிரித்தார்.

தூசிதட்டி: அப்படிச் சொன்னது தப்பு. அவர்கள் கைப்பட எழுதிய பட்டியலை வாங்கி வாருங்கள். அதில் காதல் நாவல் இருந்தால் நானே எடுத்துக் கட்டித் தருகிறேன். என் அபிப்பிராயம் என்னவோ மாறவில்லை.

கயல்விழி: மாற வேண்டாம். தொடர் நாவல் என்றால் முதல் பாகத்தையும் சேர்த்துக் கட்டுங்கள், போதும்.