குடும்பக் குழு: 1893-எஸ் மார்கன் டாலர்

முரளி (டல்லாஸ்), காலை 8:10
பெரியப்பா, வணக்கம். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான, எஸ் குறி உள்ள மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்) ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் பி.சி.ஜி.எஸ் நிறுவனம் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, வி.எஃப் 20 தரம் (ஓரளவு தேய்ந்தது, ஆனாலும் விவரங்கள் தெரியும்). சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்தேன். அதே ஆண்டும் அதே தரமும் வருகின்றன. தொள்ளாயிரம் டாலர் கேட்கிறார். வாங்கலாமா?

பெரியப்பா, 8:24
பணத்தைக் கட்டிவிடாதே, பொறு. அந்த நாணயம் மொத்தமே 1,00,000தான் அச்சானது. புழக்கத்துக்காக அடித்த மார்கன்களில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கை வேறெதற்கும் இல்லை. அந்தத் தரத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போகிற பொருளை இவர் தொள்ளாயிரத்துக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். விலை தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. தெரியாதவர் எதற்காகக் கட்டணம் கட்டித் தரம் பார்க்க அனுப்புகிறார்?

சாந்தி அத்தை, 8:31
எண்தான் சரியாக இருக்கிறதே, அண்ணா. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பெரியப்பா, 8:47
அப்படி ஓர் எண் இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தத் தளம் சொல்கிறது, சாந்தி. முரளியிடம் காட்டப்படும் பெட்டிக்குள் இருப்பது அந்த நாணயம்தான் என்று அது சொல்லவில்லை. பழைய ஏலங்களின் படங்களில் உண்மையான எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்துச் சீட்டு அச்சிட்டு, போலிப் பெட்டியில் போலி நாணயத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். 2008 வாக்கிலேயே சீனாவிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே சான்றிதழ்ப் பக்கத்தில் நாணயத்தின் படம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கீறல், கறை, தேய்மானம் ஒவ்வொன்றையும் விற்பவரின் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே தரம் பெற்ற இரண்டு நாணயங்களில் கீறல்கள் ஒரே இடத்தில் விழுந்திருக்காது.

முரளி, 9:02
பக்கத்தில் படம் இல்லை, பெரியப்பா. கைப்பேசியை வைத்தால் படிக்கும் சில்லு ஒன்று பெட்டிக்குள் இருக்கும் என்கிறார்களே?

பெரியப்பா, 9:15
2020இல்தான் சில்லு வைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய பெட்டியில் அது இருக்காது. நேரில் பார்க்க முடிந்தால் பெட்டியின் விளிம்பைக் கவனி. உண்மையான பெட்டியையே நெம்பித் திறந்து, உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு மறுபடி ஒட்டுகிறவர்களும் உண்டு. மீயொலியால் இணைத்த பிளாஸ்டிக்கைத் திறந்தால் ஓரம் வெளுத்தோ சிதைந்தோ போகும், பசையின் தடமும் தெரியும்.

முரளி, 9:21
எடை 26.73 கிராம் இருந்தால் நல்லது என்று படித்தேன்.

பெரியப்பா, 9:40
பெட்டிக்குள் இருக்கிற நாணயத்தை எப்படி நிறுப்பாய்? நிறுத்தாலும் இந்த நாணயத்தில் அது போதாது. எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ அச்சகத்தின் குறி. அதே ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவில் அச்சான டாலரில் அது கிடையாது. அதன் பின்பக்கத்தில் சிறிய எஸ் ஒன்றை ஒட்டிவிட்டால் வெள்ளியும் அசல், எடையும் அசல், விலை மட்டும் பல மடங்கு. அங்கேதான் முன்பக்கம் கைகொடுக்கும். 1893-எஸ் நாணயங்கள் அனைத்தும் ஒரே முன்பக்க அச்சில் அடிக்கப்பட்டவை. அந்த அச்சில் ஒரு கீறல் இருந்தது. ஆகவே முன்பக்கத்தில் உள்ள பெண்ணுருவத்தின் முடிப்பட்டையில் இருக்கும் லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லில், கடைசிக்கு முந்தைய டி (T) எழுத்தின் மேற்பகுதியில் சாய்வான மெல்லிய மேடுக் கோடு ஒன்று இருக்கும். ஃபிலடெல்ஃபியா நாணயத்தில் அது இருக்காது. அந்த எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல். நல்ல விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். (மிகவும் தேய்ந்துபோன நாணயத்தில் அந்தக் கோட்டைத் தேட முடியாது, வி.எஃப் 20இல் முடியும்.)

முரளி, இரவு 7:55
மூன்று முறை கேட்ட பிறகு படம் வந்தது. எழுத்து வழவழவென்று இருக்கிறது, கோட்டைக் காணோம். ஆண்டின் எண்கள்கூட சற்றுத் தடித்துத் தெரிகின்றன. படத்தை இங்கே போட்டிருக்கிறேன்.

பெரியப்பா, 8:06
பார்த்தேன். விட்டுவிடு. ஏலத் தளத்தில் புகார் கொடு. அந்தச் சான்றிதழ் எண்ணையும் படங்களையும் பி.சி.ஜி.எஸ்ஸுக்கு அனுப்பிவை.

சாந்தி அத்தை, 8:12
போலி என்று தெரிந்தே விற்கிறவரைச் சட்டம் ஒன்றும் செய்யாதா, அண்ணா?

பெரியப்பா, 8:30
அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி நாணய நகல்களில் நகல் என்று பொறித்திருக்க வேண்டும். 2014இல் அதை விரிவாக்கி, போலிகளை விற்பதற்குத் துணைபோகிறவர்களையும், தரச்சான்று நிறுவனங்களின் வணிகக்குறியைத் திருடுகிறவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். விற்பவர் வேறு நாட்டில் இருந்துவிட்டால் பிடிப்பது கடினம். முரளி, உனக்கு இந்த நாணயம்தான் வேண்டுமென்றால் உன் ஊரில் நடக்கும் நாணயக் கண்காட்சிக்குப் போய், திருப்பித் தரும் உரிமையை ரசீதில் எழுதித் தருகிற வியாபாரியிடம் வாங்கு. உருப்பெருக்கி பத்து மடங்குடையதாக இருக்கட்டும்.

முரளி, 8:34
சரி, பெரியப்பா. புகாரை இப்போதே எழுதுகிறேன்.