அறுபது நொடிக் கடிகாரம்: கணினிப் புழு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பழைய மவுஸ்
2003 ஆகஸ்ட், பிளாஸ்டர். இணையம் வழியாகத் தானே பரவிய விண்டோஸ் புழு. மதுரையில் எட்டுக் கணினிகள் கொண்ட பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயல்-அப்பைத் தின்றுவிடும் என்று தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்தவன் நான்தான். துபாயில் இருக்கும் கணவருக்கு ஓர் அம்மா சொல்லச் சொல்ல, மகள் மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரையில், கணினி அணையப்போகிறது என்று சொல்லும் அந்தப் பெட்டி. 60, 59, 58… "தம்பி, இது எதை எண்ணுகிறது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணினி அணைந்தது. பாதிக் கடிதம் போயிற்று. மூன்று முறை எழுதினார்கள். ஜூலை 16-லேயே வந்த பேட்சை, அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, இறக்கப் பார்த்தேன். இறங்கி முடிவதற்குள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மூன்று முறைக்கும் அவரிடம் காசு வாங்கினேன். அதுதான் உறுத்துகிறது.

இரவுப்பணி
'ஷட்டவுன் -ஏ' என்று கட்டளை அடித்திருந்தால் எண்ணிக்கை நின்றிருக்கும். அதோடு, பிளாஸ்டரைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறீர்களே! அதே ஆண்டு ஜனவரி 25, சனிக்கிழமை காலை பதினொரு மணி, தரவுத்தள சர்வர்களைத் தாக்கிய ஸ்லாமர் புழு. வெறும் 376 பைட். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் எப்போதும் கண்சிமிட்டும் விளக்குகள் அன்று சிமிட்டாமல் ஒரே பச்சையாக எரிந்தன. கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்துவிட்டது. சர்வரை நிறுத்தினால் பில் போட முடியாது என்று மேலாளர் தள்ளிக்கொண்டே போனார். அன்று நாள் முழுக்கப் பில் போடவில்லை.

கேபிள் அண்ணன்
எங்களுக்கு 2017 மே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை புழு. ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரண்டு கணினிகள் போயின, அவ்வளவுதான். மார்ச் 14-லேயே பேட்ச் இருந்தது. பழைய மவுஸ், அப்டேட்டை அணைக்கவே கூடாது. முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள், பிரிண்டர் முதல் பில் மென்பொருள் வரை ஓடுகிறதா என்று பாருங்கள், அதே வாரத்தில் மற்றவற்றிலும் போட்டுவிடுங்கள். மறுதொடக்கம் கேட்டால் 'பிறகு' என்று அழுத்தாதீர்கள். பல பேட்சுகள் மறுதொடக்கம் ஆகும்வரை வேலை செய்யாது. கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1 தேவையில்லை என்றால் அதையும் அணைத்துவிடுங்கள். பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள், புழு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பழைய மவுஸ்
அண்ணே, அந்த சென்டரை மூடிப் பல வருடம் ஆகிறது. இரவுப்பணி, அந்தக் கட்டளை அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கடிதமே போயிருக்கும். மூன்றாவது கடிதம் நாலே வரிதான் இருந்தது.