மணிக்கட்டில் ஒரு பொட்டு

செய்யாறு பக்கம், ஓவிய ஆசிரியர்:

2012இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தரப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதில் வந்தவன் நான். வாரத்துக்கு மூன்று அரைநாள். அப்படி ஒரு அரைநாளில் நடந்தது இது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, அவரவர் முகத்தை வரையவைத்தேன். கோடு நன்றாகவே வந்தது. வண்ணம் தீட்டலாம் என்றதும் வகுப்பே ஒரே பென்சிலுக்கு அடித்துக்கொண்டது. வெளிறிய ரோஜா நிறத்தில் ஒன்று இருக்குமே, அது. கடைக்காரரிலிருந்து பிள்ளைகள் வரை அதற்கு ‘தோல் கலர்’ என்றுதான் பெயர். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி முடி, ரிப்பன், யூனிபார்ம் எல்லாம் தீட்டிவிட்டு முகத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள். ஏம்மா என்று கேட்டேன். “தோல் கலர் இன்னும் என்கிட்ட வரல சார்.”

அவள் கைக்கும் அந்தப் பென்சிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த வகுப்பில் ஒருவர் கைக்கும் இல்லை. பத்து வருஷமாக நானும் அதே பெயரைச் சொல்லித்தான் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த வகுப்புக்குப் பென்சிலே வேண்டாம் என்றேன். கோலத்துக்குக் கரை கட்டும் காவி, செங்கல் பொடி, மஞ்சள் தூள், கோலமாவு, அடுப்புக்கரி, கொஞ்சம் பசை. கலந்ததை மணிக்கட்டில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருக்கும் இடம் தெரியாமல் போனால் அதுதான் உன் நிறம். கேட்க எளிதாக இருக்கிறது, இரண்டு வகுப்பு பிடித்தது. காவியும் மஞ்சளும்தான் அடிப்படை. கரியைக் கடைசியில் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் சாம்பலாகிவிடும். உள்ளங்கை ஒரு நிறம், புறங்கை ஒரு நிறம், முழங்கை வேறு நிறம் என்று அவர்களே கண்டுபிடித்துக் கத்தினார்கள். பிறகு ஆளாளுக்குத் தன் நிறத்துக்குப் பெயர் வைத்தார்கள். வேர்க்கடலைத் தோல், பழைய புளி, கேவுறு களி, மழை பெய்த வரப்பு. முகத்தை வெள்ளையாக விட்டிருந்த பெண் வைத்த பெயர் பனைவெல்லம்.

அமெரிக்காவில் கிரயோலா என்ற கம்பெனியும் இப்படி ஒரு வண்ணத்துக்கு ‘ஃபிளெஷ்’, அதாவது சதை, என்று பெயர் வைத்திருந்தது, 1962இல்தான் அதை ‘பீச்’ என்று மாற்றினார்கள் என்று சொன்னேன். “நம்ம ஊர்ல எப்ப சார்?” என்று ஒரு பையன் கேட்டான். நம் வகுப்பில் இன்றைக்கே என்றேன்.

‘நீ அழகுதாம்மா’ என்று நாம் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, அது சமாதானப் பேச்சு என்று அவர்களுக்குத் தெரியும். தன் கையால் கலந்து கண்டுபிடித்ததை நம்புகிறார்கள். வீட்டில் கதை வேறு. ஒரு அம்மா படத்தோடு வந்து, “கொஞ்சம் வெளுப்பா போடச் சொல்லியிருக்கலாமே சார்” என்று வருத்தப்பட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கேட்டு வளர்ந்தது அப்படி.

நாகர்கோவில், ஒரு அம்மா:

சார் எழுதியதைப் படித்ததும் என் மகனைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. அவனுக்குத் திக்கும். ஆறாம் வகுப்பில் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்குள் வகுப்பு சிரித்துவிடும் என்று கை மட்டும் தூக்குவான். பள்ளியில் வில்லுப்பாட்டுக்கு ஆள் சேர்த்தபோது குடம் அடிக்கப் போனான், வாய் திறக்க வேண்டாமே என்று. அங்கே பாட்டில் அவனுக்குத் திக்கவில்லை. பாடும்போது பலருக்குத் திக்காது என்று டாக்டரும் சொன்னார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப்பட்டது அதற்கடுத்த வருஷம்தான். கதை சொல்லும் இடம் தனக்கு வேண்டும் என்று அவனே கேட்டான். பாட்டு அல்ல, பேச்சு. வில்லுப்பாட்டில் கதையை நடத்திச் செல்லும் அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். அவன் ஒரு சொல்லில் நின்றுபோனால் பிள்ளைகள் ‘ஆமா’ என்று இழுத்தார்கள், உடுக்கைக்காரன் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினான், சொல் வந்து சேர்ந்தது. மேடையில் நாலைந்து இடத்தில் திக்கினான். வீட்டுக்கு வந்து, “அம்மா, திக்கிச்சு, ஆனா கதை முடிஞ்சிட்டு” என்றான். “முடிஞ்சிட்டு மக்களே” என்றேன். இப்போது வருகைப்பதிவுக்குக் குரல் கொடுக்கிறானாம்.

திண்டிவனம், கல்லூரி மாணவன்:

எங்கள் தாத்தா சாவுக்குப் பறையடிப்பவர். எட்டாம் வகுப்பு வரை அதை யாரிடமும் சொன்னதில்லை. தெருவில் அவர் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். கலைத் திருவிழாவுக்குப் பறை பழக்க வெளியிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். நீளமான மெல்லிய குச்சியையும் குட்டையான கனத்த குச்சியையும் காட்டிப் பெயர் தெரியுமா என்று கேட்டார். சிண்டுக்குச்சி, அடிக்குச்சி என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எப்படித் தெரியும் என்றார். “எங்க தாத்தா” என்றேன். அடுத்த நாள் தாத்தாவின் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் தெரு வழியாகவே பள்ளிக்கு நடந்து போனேன்.

செய்யாறு பக்கம், ஓவிய ஆசிரியர்:

தம்பி, அந்தப் பறையை விட்டுவிடாதீர்கள். அம்மா, உங்கள் மகனுக்கு என் அன்பு.

ஒன்று விட்டுப்போனது. கோடை விடுமுறை முடிந்து எட்டாம் வகுப்புக்கு வந்த பனைவெல்லக்காரி, பழைய கலவையை மணிக்கட்டில் வைத்துக் காட்டினாள். பொட்டு பளிச்சென்று தெரிந்தது. சித்திரை வெயிலெல்லாம் அவள் மேல்தான் காய்ந்திருக்கிறது. “கொஞ்சம் கரி குடுங்க சார்” என்று கையை நீட்டினாள்.