முதுகு ஊசிக்குப் புதுக் கருவி: சோதனையில் சேர்ந்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். காரைக்குடியில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கும் வலி. வளவைச் சுற்றி வருவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். மதுரையில் பார்த்த டாக்டர் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி (தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் போடுவது) போடலாம் என்றார். ஊசி முனையின் அழுத்தத்தை அளந்து சரியான இடத்தைக் காட்டும் புதுக் கருவி ஒன்றைச் சோதிக்கிறார்களாம், அதில் சேர விருப்பமா என்றும் கேட்டார்.

வழக்கமாக, ஊசி முனை அந்த இடைவெளிக்குள் போனதும், சிரிஞ்சைத் தள்ளும்போது தடை சட்டென்று விடுவதைக் கைதான் உணர வேண்டும். சி-ஆர்ம் எக்ஸ்ரேயிலும் பார்த்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியே சில மில்லிமீட்டர்தான். தாண்டிப்போய் உறையில் ஓட்டை விழுந்தால், எழுந்து உட்கார்ந்தாலே தலைவலி படுத்திவிடும். எனக்குக் கருவி நல்லதாகத்தான் படுகிறது. "சோதனைக்கு எங்க ஆத்தாதான் கிடைச்சாகளா?" என்று சித்தப்பா முறைக்கிறார்.

நெறிமுறைக் குழு ஒப்புதல், சிடிஆர்ஐ (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் இரண்டும் படிவத்தில் இருக்கின்றன. பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்ற பத்திதான் புரியவில்லை. இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்னென்ன கேட்டீர்கள்? அப்பத்தாவுக்குச் சர்க்கரையும் உண்டு. ஸ்டீராய்டுக்குப் பிறகு எத்தனை நாள் ஏறி இருந்தது, மாத்திரையை மாற்றினார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.