நாகானோ ஜென்கோஜிக்கு ஒருநாள் பயணம்: போய்வந்தவர்கள் எழுதுங்கள்

நொய்யல்கரை

ஜப்பானின் நாகானோ நகரில் உள்ள ஜென்கோஜி புத்தர் கோயிலுக்குப் போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில் பயணம், நிலையத்திலிருந்து கோயில் வரை நீளும் கடைவீதி எல்லாம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக மூலவருக்குக் கீழே உள்ள இருட்டுப் பாதைக்கு வந்துவிடுகிறேன். உள்மண்டபத்தின் வலப்புறம் படிகள் இறங்குகின்றன. முதல் திருப்பம் வரைதான் மேலிருந்து வெளிச்சம் வருகிறது; அதன்பிறகு எவ்வளவு நேரம் நின்றாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. வலக்கையை இடுப்பு உயரத்தில் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் காலடி ஓசையைக் கேட்டபடி நகர வேண்டும். மூலவருக்கு நேர் கீழே ஒரு பூட்டு தொங்குகிறது. அதைத் தொடுகிறவருக்கும் அமிதாப புத்தருக்கும் உறவு ஏற்பட்டு, மறுமையில் அவருடைய தூய உலகில் இடம் கிடைக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மூலவரை யாரும் காண முடியாது. ஏழாவது ஆண்டு என்று அவர்கள் கணக்கிடும், நம் கணக்கில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவில் காட்சிக்கு வைக்கப்படுவதும் மூலவருக்குப் பதிலாக நிற்கும் படிமம்தான். கடைசியாக 2022இல் வைத்தார்கள்.

எனக்கு முன்னால் சில பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். பூட்டை ஆட்டும் இரும்போசை கேட்டது. நான் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், மரம்தான் கையில் படுகிறது. பின்னாலிருந்தவர்கள் நெருங்கிவிட்டதால் போகட்டும் என்று நகர முற்பட்டபோது, ஒரு கை என் சட்டைக் கையைப் பற்றி, மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அந்தப் பூட்டின் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தியது. தோல் சுருங்கிய, எலும்பு தெரியும் சிறிய கை. நான் பூட்டை ஒருமுறை ஆட்டி ஓசை வந்த பிறகே அந்தக் கை என்னை விட்டது.

மேலே வந்து பார்த்தால் ஒரே வயதுடைய அம்மாமார் ஏழெட்டுப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகத் தலை வணங்கினேன். எல்லோரும் பதிலுக்கு வணங்கினார்கள். கை கொடுத்தவருக்கு நன்றி சொல்ல முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது அங்கே இப்படி நேர்ந்ததுண்டா?

மேட்டுத்தெரு

எனக்கு அந்தப் பாதையைவிட மேலே வெளிமண்டபத்தில் அமர்ந்திருக்கும் பின்சுருதான் மறக்கவில்லை. புத்தரின் நேரடிச் சீடர்களில் ஒருவரான பிண்டோல பாரத்வாஜரைத்தான் அங்கே அப்படி அழைக்கிறார்கள். நம் உடலில் எங்கே நோவு இருக்கிறதோ, சிலையின் அதே இடத்தைத் தடவிவிட்டு நம் உடலையும் தடவிக்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தடவியதில் அவருடைய கண்ணும் மூக்கும் மழுங்கி, முகம் வழவழப்பாகிவிட்டது. 2023 ஏப்ரலில் அந்தச் சிலை திருடப்பட்டு, அன்றே மாட்சுமோட்டோ நகரில் மீட்கப்பட்ட செய்தி நினைவிருக்கும்.

என் அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவர் சிலையின் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து, தன் காலைச் சுட்டிக்காட்டிவிட்டு வலது முழங்காலைத் தடவத் தொடங்கினார். பிறகு இருவரும் பேசிவைத்ததுபோல இடம் மாறிக்கொண்டார்கள். ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா ஊர் திரும்பிய பிறகு ஜப்பானைப் பற்றி யார் கேட்டாலும் அந்தப் பெரியவரைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

பொருநை

இருவரும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் சைவம். கோயில் வாசலில் இருக்கும் சோபா (பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ்) கடைக்குள் போய், மீனும் இறைச்சியும் கூடாது என்று எழுதிவைத்திருந்த அட்டையைக் காட்டினேன். கடைக்கார அம்மா சரி என்று தலையசைத்து உள்ளே போனவர், சற்று நேரத்தில் கவலையான முகத்தோடு ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து காட்டினார். மரச்சீவல் போன்ற கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்திச் சீவியது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக்கு உறவுக்காரர். நூடுல்ஸைத் தோய்த்து உண்ணும் சாற்றில் அதுதான் இருக்கிறது. அவர் அந்தச் சாற்றை வைக்கவே இல்லை. துருவிய முள்ளங்கி, உப்பு, கொஞ்சம் வசாபி, நூடுல்ஸ் வெந்த வெந்நீர் ஆகியவற்றோடு ஒரு மூங்கில் தட்டைக் கொண்டுவந்து, நான் முதல் வாய் உண்ணும்வரை அருகிலேயே நின்றார். சொல்லாமல் பரிமாறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘மீன் டாஷி’, அதாவது மீன் போட்டுக் காய்ச்சிய சாறு, கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். பக்வீட் மாவு ஒவ்வாதவர்கள் சோபா கடைப் பக்கமே போகக் கூடாது, அந்த ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். வழியெங்கும் விற்கும் ஓயாகி என்னும் பூரணம் வைத்த மாவு உருண்டையில் பூசணி அல்லது சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்ததைக் கேளுங்கள்; நோசவானா கீரையும் மிசோ என்னும் சோயா விழுது தடவிய கத்தரிக்காயும் ருசியானவைதான் என்றாலும் தாளிதத்தில் டாஷி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. முழுச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் கோயிலைச் சுற்றியுள்ள தங்கும் மடங்களில் ஷோஜின் என்னும் துறவிகளின் சைவ உணவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே சாற்றுக்குக் கொம்பு என்று அழைக்கப்படும் கடற்பாசியும் உலர்ந்த ஷிடாக்கே காளானும்தான். எள்ளை மை போல அரைத்து, குட்சுக் கிழங்கு மாவோடு கிளறி உறையவைத்த எள் தோஃபுவை அவசரமாக விழுங்காமல் மெதுவாக உண்ணுங்கள். 1736 முதல் விற்கும் யாவதாயா இசோகோரோ கடையின் ஏழு மசாலாத் தூளை வாங்கிக்கொள்ளலாம். அதில் மிளகாயோடு சான்ஷோ என்னும் ஜப்பானிய மிளகு, இஞ்சி, எள், ஆரஞ்சு வகைத் தோல் எல்லாம் சேர்கின்றன.

ஆனாலும் இவ்வளவு பெரிய புத்தர் கோயிலின் வாசலிலேயே மீன் சாறு கொதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒசாகாவாசி

பொருநை அவர்களே, உங்கள் கடைசி வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. கடலே இல்லாத மாநிலம் நாகானோ. உப்பே இதோயிகாவா கடற்கரையிலிருந்து உப்புச் சாலை வழியாக மாட்டின் முதுகிலும் மனிதர் முதுகிலும் மலையேறி வந்தது. நெல்லுக்கு ஒவ்வாத குளிர்ந்த மேட்டுநிலத்தில் பக்வீட் விளைந்ததால் சோபாவும், அரிசியைச் சிக்கனப்படுத்த ஓயாகியும் அவர்களுடைய அன்றாட உணவாயின. அப்படிப்பட்ட ஊரில் மீன் என்பது அருமையான பொருள். துறவிகளைப் பொறுத்தவரையும் 1872இல் மெய்ஜி அரசே இறைச்சி உண்ணலாம், மணம் செய்யலாம் என்று ஆணையிட்டுவிட்டது. புத்தர் கோயில் என்றால் தெருவே சைவமாக இருக்க வேண்டும் என்பது நாம் இங்கிருந்து கொண்டுபோகும் எதிர்பார்ப்பு. அந்த அம்மா பொட்டலத்தை எடுத்துவந்து காட்டிய நேர்மையைக் கண்டுவிட்டு இந்தக் குறை ஏன்?

நான் அங்கே தங்கியது ஒரு மடத்தில். விடிவதற்கு முன்பே மடத்துக்காரர் எங்களை அழைத்துப்போய், கற்பாதையின் ஓரத்தில் வரிசையாக மண்டியிடச் சொன்னார். சிவப்புக் குடையின் கீழ் தலைமைத் துறவி நடந்து வந்து, குனிந்திருந்த ஒவ்வொரு தலையிலும் ஜபமாலையைத் தொட்டுச் சென்றார். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிய குழந்தையிடம் நின்று, அதன் தலையில் இரண்டாவது முறையும் வைத்தார். அந்தக் கோயிலைத் தெந்தாய், ஜோதோ என்ற இரு பிரிவினரும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஜோதோ பக்கத்துத் தலைமை வழிவழியாகப் பெண் துறவிக்கே உரியது. ஆகவே இந்த ஆசி இரு தலைவர்களிடமிருந்தும் கிடைக்க வாய்ப்புண்டு.

காலை வழிபாடு கோடையில் ஐந்தரை மணி அளவிலும் குளிர்காலத்தில் ஏழு மணி அளவிலும் தொடங்கும். தோக்கியோவிலிருந்து முதல் வண்டியைப் பிடித்தாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது. ஒருநாள் பயணம் என்று திட்டமிடுகிறவர்கள் முந்தின மாலையே போய், இரவு மடத்தில் ஷோஜின் உணவு உண்டு தங்கிவிட்டு அந்த நாளைத் தொடங்குங்கள்.